நடுவில் ஒருவர் கட்டாயம்: அமெரிக்கச் சிறு பீர் ஆலைகளும் விநியோகச் சட்டமும்

அமெரிக்காவின் சிறு பீர் ஆலைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கருத்துகளை அடிக்கடி கேட்கிறேன். ஒன்று, "அது திறந்த சந்தை. சரக்கு நன்றாக இருந்தால் தானாக விற்கும், விற்கவில்லை என்றால் சரக்கில்தான் கோளாறு." மற்றொன்று, "பெரிய கம்பெனிகள் அரசாங்கத்தைக் கையில் போட்டுக்கொண்டு சின்னவர்களை நசுக்குகின்றன." இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் தயாரிப்பவருக்கும் கடைக்காரருக்கும் நடுவில் நிற்கும் மூன்றாவது ஆளை இரண்டுமே மறந்துவிடுகின்றன. அந்த நடு ஆள் வியாபார வசதிக்காக மட்டும் வந்தவர் அல்லர். சட்டமே அவரை அங்கே உட்கார வைத்திருக்கிறது. சிறு ஆலைகளின் கஷ்டத்தில் பெரும்பகுதி அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

குடிப்பது நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் இந்தக் கட்டுரை போகவில்லை. நல்ல காரணத்துக்காக எழுதப்பட்ட ஒரு சட்டம், தொண்ணூறு வருடம் கழித்து யார் தலையில் விடிகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். சட்டம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி எழுத முயல்கிறேன்.

சினிமாவை வைத்துத் தொடங்குவோம்

நமக்குத் தெரிந்த தொழில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சினிமாவில் படம் எடுப்பவர் தயாரிப்பாளர். அதை ஏரியா வாரியாக வாங்கி, எந்த ஊரில் எத்தனை தியேட்டரில் போடுவது என்று பார்ப்பவர் விநியோகஸ்தர். டிக்கெட் கிழித்துப் படம் காட்டுபவர் தியேட்டர்காரர். ஒரு சின்னப் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், விநியோகஸ்தர் கிடைக்காவிட்டால் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். கிடைத்தாலும், அதே வாரம் அவர் கையில் ஒரு பெரிய ஹீரோ படம் இருந்தால் சின்னப் படத்துக்குக் காலைக் காட்சி மட்டும்தான் மிஞ்சும்.

இப்போது இதில் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரே நேராகத் தியேட்டருக்குப் படம் கொடுப்பது சட்டப்படி குற்றம். ஒரு விநியோகஸ்தரிடம் ஒருமுறை படத்தைக் கொடுத்துவிட்டால், அவர் ஒழுங்காக ஓட்டாவிட்டாலும் திரும்பக் கேட்க முடியாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் சிறு பீர் ஆலை நடத்துபவரின் நிலை கிட்டத்தட்ட இதுதான்.

மூன்றடுக்கு முறை என்றால் என்ன?

அமெரிக்க மதுச் சட்டங்களின் அடிப்படை ஏற்பாட்டுக்கு மூன்றடுக்கு முறை என்று பெயர். தயாரிப்பவர், மொத்தமாக வாங்கி விநியோகிப்பவர், சில்லறையில் விற்பவர் என மூன்று அடுக்குகள். பொது விதி இதுதான்: தயாரிப்பவர் விநியோகஸ்தருக்கு விற்க வேண்டும், விநியோகஸ்தர் கடைக்கோ பாருக்கோ விற்க வேண்டும், கடைக்காரர்தான் குடிப்பவருக்கு விற்க வேண்டும். ஓர் அடுக்கில் இருப்பவர் இன்னோர் அடுக்கில் பங்கு வைத்துக்கொள்ளக் கூடாது. ஆலை முதலாளி பார் வைத்திருக்க முடியாது, பார்காரர் ஆலையில் முதலீடு செய்ய முடியாது. இந்தப் பொது விதிக்கு ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி விலக்குகள் வைத்திருக்கிறது. நம் கதையே அந்த விலக்குகளில்தான் இருக்கிறது.

கிராஃப்ட் பீர் ஆலை என்ற சொல்லையும் இங்கேயே தெளிவாக்கிவிடலாம். சிறிய அளவில், பெரிய மது நிறுவனங்களின் பிடியில் இல்லாமல், சொந்தக் கைப்பக்குவத்தோடு பீர் தயாரிக்கும் ஆலை என்று பொதுவாகப் பொருள். அவர்களுடைய சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷன் வைத்திருக்கும் வரையறையில் ஆண்டுக்கு 60 லட்சம் பேரல் வரை தயாரிப்பவர்களும் வந்துவிடுவார்கள். ஒரு பேரல் என்பது 31 அமெரிக்க காலன், நம் கணக்கில் சுமார் 117 லிட்டர். அந்த வரையறையின் மேல்முனையில் இருப்பவர்கள் உண்மையில் பெரிய ஆட்கள். நான் இங்கே பேசப்போவது ஆண்டுக்குச் சில நூறு, சில ஆயிரம் பேரல் காய்ச்சுபவர்களைப் பற்றி. எண்ணிக்கையில் அவர்கள்தான் மிக அதிகம்.

இப்படி ஒரு சட்டம் ஏன் வந்தது?

இதைப் புரிந்துகொள்ளாமல் சட்டத்தைத் திட்டுவது நியாயம் இல்லை. 1920க்கு முன் அமெரிக்காவில் சலூன் எனப்பட்ட மதுக்கடைகள் மூலைக்கு மூலை இருந்தன. அவற்றில் பல, பீர் ஆலைகளின் பிடியில் இருந்தன. கடைக்காரரிடம் முதல் இல்லையா? ஆலை கடன் கொடுக்கும், உரிமக் கட்டணத்தைக் கட்டும், கவுன்ட்டர், கண்ணாடி, நாற்காலி, பெயர்ப்பலகை எல்லாம் வாங்கிக் கொடுக்கும். பதிலுக்கு அந்த ஆலையின் பீரை மட்டும்தான் விற்க வேண்டும். இப்படி ஆலையோடு கட்டிப்போடப்பட்ட கடைகளைக் கட்டுண்ட கடைகள் என்று சொல்லலாம்.

சிகாகோவில் இதற்குக் கண்கண்ட சாட்சி இன்னும் நிற்கிறது. மில்வாக்கியைச் சேர்ந்த ஷ்லிட்ஸ் என்ற பீர் நிறுவனம் அந்த நகரத்தின் தெருமுனைகளில் தானே செங்கல் கட்டடங்கள் எழுப்பி சலூன் வைத்தது. உலக உருண்டையைச் சுற்றி ஒரு பட்டை, அதில் கம்பெனியின் பெயர்: சுட்ட மண்ணில் செய்த அந்தச் சின்னம் சில கட்டடங்களின் நெற்றியில் இன்றும் பதிந்திருக்கிறது. கடை யாருடையது என்பதைச் சுவரே சொல்லிவிடும்.

இதன் விளைவை ஊகிப்பது கடினம் இல்லை. கடனை அடைக்க வேண்டிய கடைக்காரர் எப்படியாவது விற்பனையைக் கூட்டியாக வேண்டும். உப்பும் காரமுமாக இலவசச் சாப்பாடு போட்டு மேலும் மேலும் குடிக்கவைத்தார்கள். பக்கத்து மூலையில் வேறோர் ஆலையின் கடை, அதற்கு அடுத்த மூலையில் இன்னொன்று. குடி பெருகியது, சம்பளக் கவர் வீட்டுக்கு வராத குடும்பங்கள் பெருகின. மதுவிலக்கு இயக்கம் வலுத்ததற்கு இந்த சலூன்கள் ஒரு முக்கியக் காரணம். 1920 ஜனவரியில் நாடு முழுவதும் மதுவிலக்கு வந்தது. கள்ளச் சாராயமும் ரவுடிக் கும்பல்களும் வளர்ந்த பதிமூன்று வருடங்களுக்குப் பிறகு, 1933 டிசம்பர் 5 அன்று அரசியல் சட்டத்தின் 21வது திருத்தம் அதை நீக்கியது.

கடையைத் திறக்கலாம், ஆனால் பழைய சலூன் திரும்பி வரக் கூடாது என்பதுதான் அன்று எல்லோருடைய கவலையும். தானே குடிக்காதவரான ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் பணம் கொடுத்து ஓர் ஆய்வே நடத்தச் சொன்னார். தயாரிப்பவரின் கை கடை வரை நீளாதபடி தடுக்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக வேரூன்றியது. அதற்காக நடுவில் எழுப்பிய சுவர்தான் விநியோகஸ்தர்.

21வது திருத்தம் இன்னொன்றும் செய்தது. மது எப்படி உள்ளே வரலாம், எப்படி விற்கப்படலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை மாநிலங்களிடம் கொடுத்தது. அதனால் இன்று ஒரே நாட்டில் ஐம்பது மதுச் சட்டங்கள். பென்சில்வேனியா, யூட்டா உட்பட 17 மாநிலங்கள் குறிப்பாகச் சாராய வகைகளின் மொத்த விற்பனையைத் தாங்களே கையில் வைத்திருக்கின்றன. டாஸ்மாக்கைப் பார்த்துப் பழகிய நமக்கு அது புதிதாக இருக்காது. மற்ற மாநிலங்கள் தனியாருக்கு உரிமம் கொடுக்கின்றன. இதற்கெல்லாம் மேலே, கட்டுண்ட கடைகளையும் கடைக்காரருக்குக் கொடுக்கும் லஞ்சத்தையும் தடுக்கும் 1935ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்றும் இருக்கிறது.

சினிமா உதாரணம் இங்கேயும் பொருந்துகிறது. ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் ஒரு காலத்தில் தியேட்டர்களையும் சொந்தமாக வைத்திருந்தன. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால் அவற்றைப் பிரிக்க வேண்டியதாயிற்று. சரக்கைச் செய்பவன் கையிலேயே கடையும் இருந்தால் மற்றவன் பிழைக்க முடியாது என்ற அதே பயம்தான்.

இதுவரை பார்த்தது: மூன்றடுக்கு முறை பெரிய ஆலைகள் கடைகளை விழுங்காமல் இருக்க வந்தது. சிறு ஆலைகளை ஒடுக்கும் எண்ணத்தோடு யாரும் அதை எழுதவில்லை. எழுதிய காலத்தில் இன்று நாம் பார்க்கும் வகைச் சிறு ஆலையே யாருடைய மனதிலும் இல்லை. 1970களின் இறுதியில் நாடு முழுவதும் நூறு பீர் ஆலைகள்கூட இல்லை. இன்று 9,000க்கும் மேல். பெரியவர்களை மனதில் வைத்து எழுதிய விதிக்குள் ஆயிரக்கணக்கான சின்னவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

ஒரு கெக் பீரின் கணக்கு

சரி, அந்த விதி சிறு ஆலையின் கல்லாவில் எப்படித் தெரிகிறது? கெக் என்பது பார்களுக்குப் பீர் போகும் உலோகப் பீப்பாய். வழக்கமான பெரிய கெக் அரை பேரல், சுமார் 59 லிட்டர். கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். இவை புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்தான்.

பார்காரர் ஒரு கெக்குக்கு 200 டாலர் கொடுக்கிறார். விநியோகஸ்தரின் பங்கு கால் பங்கிலிருந்து முப்பது சதவீதம் வரை போவது வழக்கம். ஆக 50 முதல் 60 டாலர் அவருக்கு. ஆலைக்குக் கிடைப்பது 140 அல்லது 150. மால்ட் எனப்படும் முளைகட்டிய தானியம், மணமும் கசப்பும் தரும் ஹாப்ஸ் பூ, கூலி, மின்சாரம், வாடகை எல்லாம் சேர்ந்து 110 டாலர் ஆகிவிட்டது என்றால் கையில் நிற்பது 30, 40 டாலர். பெரிய நிறுவனத்துக்கு இது பிரச்சினை இல்லை. அவர்கள் ஒரு கெக் தயாரிக்க ஆகும் செலவு மிகக் குறைவு, விற்கும் எண்ணிக்கையோ லட்சக்கணக்கில். மாதம் அறுபது கெக் விற்கும் ஆலைக்கு அந்த 30 டாலர் என்பது ஒரு வேலையாளின் சம்பளத்துக்கே போதாது.

அதே கெக்கை ஆலைக்காரர் தன் ஆலையோடு ஒட்டிய கூடத்தில் குவளை குவளையாக விற்றால்? 59 லிட்டரில் 16 அவுன்ஸ் குவளை 124 வரும். நுரையிலும் குழாயிலும் வீணாவது போக 115 என்று வையுங்கள். குவளை 6 டாலர் என்றால் 690 டாலர். பரிமாறுபவரின் கூலி, இடம், கழுவுதல் என்று செலவு கூடும்தான். இருந்தாலும் 150 எங்கே, 690 எங்கே. ஆலைக்குள்ளேயே பீர் விற்கும் இந்த இடத்துக்கு டேப்ரூம் என்று பெயர். சிறு ஆலைகள் டேப்ரூம் உரிமைக்காக ஏன் சட்டமன்றப் படி ஏறி இறங்குகிறார்கள் என்பது இந்த ஒரு கணக்கிலேயே விளங்கிவிடும்.

பணத்துக்கு அடுத்தது கவனம். விநியோகஸ்தரின் விற்பனையாள் ஒரு கடையில் பத்து நிமிடம் நின்று பேசுவார். அவர் பட்டியலில் நூற்றுக்கணக்கான பீர்கள். எதை முதலில் சொல்வார்? வாரம் ஐம்பது பெட்டி போகும் பெரிய பிராண்டைத்தான். நம் சிறு ஆலையின் பீர் கடைசிப் பக்கத்தில் எங்கோ இருக்கும், அதற்குள் பத்து நிமிடம் முடிந்திருக்கும். இதில் அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் மாத இலக்கு இருக்கிறது.

இதில் நேரமும் எதிரி. ஹாப்ஸ் மணம் தூக்கலாக இருக்கும் ஐபிஏ வகைப் பீரைச் சீக்கிரம் குடித்துவிட வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் அந்த ஆரஞ்சுத் தோல், மாம்பழ மணமெல்லாம் மங்கிப்போய், நனைந்த அட்டைப் பெட்டி போல ஒரு வாசம் எட்டிப் பார்க்கும். கேனைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், பல ஆலைகள் அடைத்த தேதியைச் சின்னப் புள்ளி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கிடங்கில் ஒன்றரை மாதம், கடையில் குளிர்ப்பெட்டிக்கு வெளியே ஒரு மாதம் கிடந்த கேனைக் குடித்துவிட்டு "இந்த ஆலைப் பீர் சரியில்லை" என்று ஒருவர் போனால், அந்தக் கெட்ட பெயர் ஆலைக்குத்தான் சேரும். கிடங்கில் என்ன நடந்தது என்று கேனில் எழுதியிருப்பதில்லை. "நல்ல சரக்கு தானாக விற்கும்" என்ற பேச்சை நான் ஏற்காததற்கு இதுவே முதல் காரணம்.

காலி செய்ய முடியாத குடித்தனக்காரர்

இனி வருவதுதான் இந்த விஷயத்தின் கனமான பகுதி. மூன்றடுக்கு முறையை எல்லோரும் பேசுகிறார்கள், இதை யாரும் பேசுவதில்லை.

விநியோகஸ்தரை மாற்றுவதற்கு என்ன தடை? பிடிக்கவில்லை என்றால் வேறு ஆளிடம் போக வேண்டியதுதானே? பல மாநிலங்களில் அப்படிப் போக முடியாது. விநியோகஸ்தர் பாதுகாப்புச் சட்டங்கள் என்று ஒரு வகை இருக்கிறது. தகுந்த காரணம் காட்டாமல் விநியோகஸ்தரை நீக்கக் கூடாது என்பது அவற்றின் சாரம். எது தகுந்த காரணம்? உரிமத்தை இழந்தார், மோசடி செய்தார், ஒப்பந்தத்தை அப்பட்டமாக மீறினார், இந்த மாதிரி. "என் பீரைச் சரியாக விற்கவில்லை" என்பதை நிரூபிப்பது மகா கஷ்டம். வழக்கு நடத்துவதற்குள் சிறு ஆலை சாம்பலாகிவிடும்.

வாடகைக்கு விட்ட வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குடித்தனக்காரர் வீட்டைப் பராமரிக்கவில்லை. காலி செய்யச் சொன்னால் சட்டம் அவர் பக்கம். அதைவிட, அவர் உங்களைக் கேட்காமலேயே தன் குடித்தன உரிமையை இன்னொருவருக்கு நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போகிறார். புதிய ஆள் பெட்டி படுக்கையோடு வந்து நிற்கிறார். வீடு உங்களுடையது. யார் இருப்பது என்று சொல்லும் உரிமை உங்களிடம் இல்லை.

இது வெறும் உவமை இல்லை. மிச்சிகன் மாநிலத்தின் கலமாசூவைச் சேர்ந்த பெல்ஸ் என்ற பீர் ஆலைக்கு சிகாகோ முக்கியமான சந்தை. 2006இல் அந்தப் பகுதியில் அவர்களுடைய விநியோகஸ்தர் பெல்ஸ் பீரின் உரிமையை வேறொரு விநியோக நிறுவனத்துக்கு மாற்ற முனைந்தார். அந்தப் பெரிய நிறுவனத்தின் பட்டியலில் தன் பீர் காணாமல் போய்விடும் என்று ஆலையை நிறுவிய லாரி பெல் பயந்தார். இலினாய் சட்டத்தில் வேறு வழி இல்லை என்று கண்டதும், இலினாய் மாநிலத்துக்கே பீர் அனுப்புவதை நிறுத்திவிட்டார். பிறகு கலமாசூ என்ற பெயரில் வேறு பீர்களைக் காய்ச்சி, வேறு விநியோகஸ்தர் மூலம் உள்ளே வந்தார். தன் சொந்தப் பெயர் போட்ட பீரை அந்த மாநிலத்தில் தானே விற்க முடியாத ஒரு மனிதர், புதிதாக ஒரு பெயர் வைத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. அத்தனை வருடம் உழைத்துச் சேர்த்த பெயர் அது. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

டெக்சாஸில் இன்னொரு விநோதம். விநியோக உரிமைக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு. ஒரு விநியோகஸ்தர் இன்னொருவருக்கு அதை விற்கலாம். ஆனால் 2013இல் வந்த ஒரு சட்டம், அந்த உரிமையை முதன்முதலில் கொடுக்கும் பீர் ஆலை அதற்குப் பணம் வாங்கக் கூடாது என்றது. வீட்டுக்காரர் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, குடித்தனக்காரர் மட்டும் கைமாற்றிக் காசு பார்க்கலாம். லைவ் ஓக், பெட்டிகோலாஸ், ரிவால்வர் என்ற மூன்று ஆலைகள் வழக்குப் போட்டன. கீழ் நீதிமன்றத்தில் வென்றன, 2017இல் மேல்முறையீட்டில் தோற்றன.

இந்தப் பாதுகாப்பு எதற்காக வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் விநியோகஸ்தர்கள்தான் சின்னவர்கள். ஊருக்கு ஒரு குடும்பம், இரண்டு மூன்று லாரி. அவர்கள் பிழைப்பு மொத்தமும் ஒரு பெரிய பீர் நிறுவனத்தின் கையில். அந்த நிறுவனம் ஒரு கடிதம் அனுப்பினால் மூன்று தலைமுறைத் தொழில் முடிந்துபோகும். அந்த அநியாயத்தைத் தடுக்கவே சட்டம் வந்தது. இன்று பல இடங்களில் தராசு தலைகீழாகிவிட்டது. ஆலையில் ஆறு பேர், விநியோக நிறுவனத்திடம் நூற்றுக்கணக்கான லாரி. ஆனால் சட்டம் இன்னும் பழைய தராசைப் பார்த்தே தீர்ப்புச் சொல்கிறது.

சில மாநிலங்கள் திருத்திக்கொண்டன. மாசசூசெட்ஸில் ஒரு விநியோகஸ்தருக்கு ஆறு மாதம் தொடர்ந்து பீர் கொடுத்துவிட்டால் அப்புறம் விலகுவது குதிரைக்கொம்பு என்ற நிலை பல பத்தாண்டுகள் இருந்தது. 2021 ஜனவரியில் அதை மாற்றினார்கள். ஆண்டுக்கு 2,50,000 பேரலுக்குக் குறைவாகத் தயாரிக்கும் ஆலை, உரிமையின் நியாயமான சந்தை மதிப்பைக் கொடுத்துவிட்டுக் காரணம் காட்டாமலே விலகலாம். இழப்பீடு விநியோகஸ்தருக்கு, விடுதலை ஆலைக்கு. எனக்குத் தெரிந்து இந்தப் பிரச்சினைக்கு வந்த தீர்வுகளில் இது யோக்கியமான ஒன்று.

சுருக்கமாக: நடுவில் ஒருவர் இருப்பது ஒரு சிரமம். அவரை மாற்ற முடியாமல் இருப்பது அதைவிடப் பெரிய சிரமம். இரண்டும் வெவ்வேறு சட்டங்கள். பேச்சில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

தன் வண்டியில் தானே கொண்டுபோவது

நடு ஆள் வேண்டாம் என்றால் ஆலையே கடைக்குக் கொண்டுபோகலாமா? இதற்குச் சுயவிநியோகம் என்று பெயர். கலிஃபோர்னியாவில் தாராளமாகச் செய்யலாம். வேறு பல மாநிலங்களில் ஓர் அளவு வரை செய்யலாம். ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் முடியவே முடியாது.

காலையில் ஒருவர் வேனின் பின்கதவைத் திறந்து, எழுபது கிலோவுக்கு மேல் எடையுள்ள நிறைந்த கெக்கைச் சாய்த்து உருட்டி ஏற்றுகிறார் என்று வையுங்கள். பீரைக் காய்ச்சியவரும் அவர்தான். நான்கு பார்களுக்குப் போகிறார். குழாய் எப்படி இருக்கிறது, போன வாரம் எது சீக்கிரம் தீர்ந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று நேரில் கேட்கிறார். பழைய கெக் ஒன்று மூலையில் கிடந்தால் தானே எடுத்துவந்துவிடுகிறார். முதல் இரண்டு மூன்று வருடங்களில் இந்த நேரடிப் பழக்கம்தான் சிறு ஆலையின் முதல். நல்ல விநியோகஸ்தர் கிடைப்பதற்கும் இதுவே வழி: பத்துப் பார்களில் ஓடுகிற பீர் என்று காட்டினால், பேரம் பேசும்போது கையில் ஏதாவது இருக்கும்.

அளவு எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல். வட கரோலினாவில் அது 25,000 பேரலாக இருந்தது. அதைத் தாண்டினால் தாண்டிய பகுதியை மட்டும் விநியோகஸ்தரிடம் கொடுத்தால் போதாது, அதுவரை தானே கொண்டுபோய்க் கொடுத்த கடைகளையும் சேர்த்து மொத்தத்தையும் ஒப்படைக்க வேண்டும். ஆகவே அந்த எண்ணை நெருங்கும் ஆலை, வளரலாமா வேண்டாமா என்று யோசிக்க ஆரம்பிக்கும். சார்லட் நகரின் ஓல்ட் மெக்லென்பர்க், நோடா என்ற இரண்டு ஆலைகள் 2017இல் மாநிலத்தின் மேல் வழக்குத் தொடுத்தன. 2019 மே மாதம் சமரசச் சட்டம் வந்தது. ஆண்டுக்கு 1,00,000 பேரலுக்குக் குறைவாக விற்கும் ஆலைகள் அதில் 50,000 பேரல் வரை தாங்களே விநியோகிக்கலாம் என்றாயிற்று.

டேப்ரூமும் 64 அவுன்ஸ் குப்பியும்

டேப்ரூம் என்பது தயாரிப்பவரே குடிப்பவருக்கு விற்பது. அதாவது மூன்று அடுக்கையும் ஒரே தாவலில் தாண்டுவது. அதனால்தான் பல மாநிலங்கள் அதை நீண்ட காலம் அனுமதிக்கவில்லை. ஜார்ஜியாவில் 2017 வரை ஆலையைச் சுற்றிப் பார்க்க டிக்கெட் விற்று, "இலவச மாதிரி" என்ற பெயரில்தான் பீரைக் கொடுக்க முடிந்தது. அந்த வருடம் செப்டம்பர் முதல், ஆண்டுக்கு 3,000 பேரல் வரை நேரடியாக விற்கலாம் என்று மாறியது. டெக்சாஸில் ஆலைக்குள் உட்கார்ந்து குடிக்கலாம், வீட்டுக்கு ஒரு கேன் வாங்கிப் போக முடியாது என்று இருந்தது. வைன் ஆலைக்கு அந்தத் தடை இல்லை. பீர் ஆலைக்கான அந்தத் தடை 2019 செப்டம்பர் 1 அன்று மாறியது, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பெட்டி என்ற அளவோடு.

ஃப்ளோரிடா கதை இன்னும் வேடிக்கையானது. க்ரவுலர் என்பது குழாயில் பிடித்து வீட்டுக்கு எடுத்துப் போகும் பெரிய குப்பி. நாடெங்கும் வழக்கத்தில் உள்ள அளவு 64 அவுன்ஸ், ஏறத்தாழ இரண்டு லிட்டர். ஃப்ளோரிடாவில் 32 அவுன்ஸ் குப்பியும் சரி, 128 அவுன்ஸ் குப்பியும் சரி, இடையிலுள்ள 64 மட்டும் சட்டவிரோதம். 2015 ஜூலையில்தான் அது நீங்கியது. இத்தனை சின்ன விஷயத்துக்குச் சிறு ஆலைகள் பல ஆண்டுகள் சட்டமன்றத்தில் போராட வேண்டியிருந்தது. மாநிலத் தலைநகரில் வருடம் முழுக்க ஆள் வைத்துப் பேச விநியோகஸ்தர் சங்கத்தால் முடியும். காலையில் பீர் காய்ச்சி மாலையில் பரிமாறுபவரால் எப்படி முடியும்?

பெரியவர்களுக்கு இதில் பங்கு இல்லையா?

இருக்கிறது. சுவர் கட்டிவிட்டதால் ஆலை கடையை வாங்க முடியாது. ஆனால் நடு ஆளின் மனதை வாங்க முடியும். 1990களில் பட்வைசர் பீரைத் தயாரிக்கும் ஆன்ஹைசர்-புஷ் நிறுவனம், தன் விநியோகஸ்தர்கள் முழுக் கவனத்தையும் தன் பீர்கள் மேலேயே வைக்க வேண்டும் என்று ஒரு திட்டமே நடத்தியது. அப்படிச் செய்தவர்களுக்குச் சலுகை. ஒரு நகரத்தில் பெரிய விநியோகஸ்தர் இரண்டு மூன்று பேர்தான் என்னும்போது, அவர்களில் ஒருவர் இப்படிக் கதவை அடைத்தால் சிறு ஆலைக்குப் போக்கிடம் எங்கே? அந்த நிறுவனத்தை 2008இல் இன்பெவ் என்ற பன்னாட்டுப் பீர் நிறுவனம் வாங்கியது. 2016இல் அது எஸ்ஏபி மில்லர் என்ற இன்னொரு பெரிய பீர் நிறுவனத்தையும் வாங்க வந்தபோது, போட்டியாளர்களின் பீரை விற்கவிடாமல் விநியோகஸ்தர்களுக்கு ஊக்கத்தொகை கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க நீதித் துறை நிபந்தனை போட்டது. சொந்த விநியோக நிறுவனங்கள் மூலம் தன் பீரில் பத்து சதவீதத்துக்கு மேல் விற்கக் கூடாது என்றும் வரம்பு வைத்தது.

கடைக்காரருக்குப் பணம் கொடுத்துப் பாரின் குழாயில் தன் பீருக்கு இடம் பிடிப்பதும் நடக்கிறது, சட்டவிரோதமாகத்தான். 2014இல் பாஸ்டன் பகுதியின் சிறு ஆலைக்காரர் ஒருவர் ட்விட்டரில் இதைப் பற்றி வெளிப்படையாகக் கொட்டித் தீர்த்தார். விசாரணை வந்தது. 2016இல் ஒரு விநியோக நிறுவனம் 26 லட்சம் டாலர் கட்டியது. சுவர் மட்டும் இருந்தால் போதாது, காவலும் வேண்டும் என்பதற்கு இது சாட்சி.

அப்படியானால் நடு ஆளை எடுத்துவிடலாமா?

இந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். நான் அந்தப் பக்கம் இல்லை. விநியோகஸ்தர் செய்யும் வேலை நிஜமான வேலை. குளிர்க் கிடங்கு, லாரி, ஆயிரம் கடைகளுக்குப் பில் போட்டு வசூல் செய்வது, பல இடங்களில் பாரின் குழாய்களைச் சுத்தம் செய்வது, காலி கெக்கைத் திரும்பக் கொண்டுவருவது. ஆறு பேர் உள்ள ஆலை நானூறு மைல் தள்ளியுள்ள ஊரில் விற்க வேண்டுமானால் இவர் இல்லாமல் முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. சுவரை முழுக்க இடித்துவிட்டால் முதலில் உள்ளே நுழையப்போவது வேனில் கெக் ஏற்றுபவர் இல்லை. கோடிக்கணக்கில் பணம் வைத்திருப்பவர்தான் பார்களை வாங்குவார், அலமாரியை வாங்குவார். ஷ்லிட்ஸ் கட்டடங்கள் புதிய பெயர்ப்பலகையோடு திரும்பி வரும். இன்று ஓர் அமெரிக்கப் பாரில் இருபது குழாயில் பதினைந்து வெவ்வேறு ஆலைகளின் பீர் வருகிறது என்றால், அந்தப் பாரை எந்த ஆலையும் சொந்தமாக வைத்திருக்க முடியாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஆகவே கேட்க வேண்டியது கோடு எங்கே என்பதுதான். வரி விஷயத்தில் அமெரிக்க மத்திய அரசு இதை ஏற்கெனவே புரிந்துகொண்டிருக்கிறது. ஆண்டுக்கு 20 லட்சம் பேரலுக்கு மேல் போகாத உள்நாட்டு ஆலைக்கு முதல் 60,000 பேரலுக்கு, பேரல் ஒன்றுக்கு 3.50 டாலர் வரி. பெரிய ஆலைகள் கட்டுவது 16 டாலர் அல்லது அதற்கு மேல். சின்னவருக்கும் பெரியவருக்கும் ஒரே விதி பொருந்தாது என்று வரிச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. விநியோகச் சட்டம் பல மாநிலங்களில் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எத்தனை பேரல் வரை ஆலை தானே கொண்டுபோகலாம்? டெக்சாஸ் 40,000 என்கிறது, வட கரோலினா 50,000 என்கிறது, ஜார்ஜியா ஒன்றுகூட இல்லை என்கிறது. அடுத்த முறை ஏதோ ஒரு மாநிலத்தின் பீர் மசோதா செய்தியில் அடிபட்டால், இந்த எண்ணையும், விநியோகஸ்தரை விட்டு விலக என்ன வழி வைத்திருக்கிறார்கள் என்பதையும் முதலில் தேடிப் பாருங்கள்.